உருவப்படமும் கையில் உள்ள பொருளும்
ஸ்டூடியோ ஒளியமைப்பு: படத்தொழில் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



வயதில் மூத்த ஒருவர் மறைந்த பிறகு, அவருடைய நல்ல படம் ஒன்று வீட்டில் இருக்கிறதா என்று தேடினால், பல குடும்பங்களில் கிடைப்பது ஆதார் அட்டையில் உள்ள படம்தான். இல்லையென்றால் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் எடுத்த கூட்டுப் படத்தில், பின்வரிசையில் பாதி மறைந்த முகம் கிடைக்கும். நாற்பது ஆண்டுகள் பாய் நெய்தவர், தையல் எந்திரம் மிதித்தவர், படகு கட்டியவர் என்று எதையும் அந்தப் படம் சொல்லாது. பேரப்பிள்ளைகளுக்கு முகம் மிஞ்சும். அந்த முகத்துக்கு உரியவர் செய்த வேலை மிஞ்சாது.

ஒருவரை அவருடைய தொழிற்கருவியோடு அமர்த்தி, நல்ல ஒளியில் ஒரு படம் எடுத்து வைத்தால் இந்தக் குறை தீரும். படத்தொழில் பழகும் பிள்ளைகள் கல்யாணம், பெயர் சூட்டு விழா என்று ஓடுகிறார்கள். அது பிழைப்பு, வேண்டியதுதான். ஆனால் ஒரு விளக்கு, ஒரு தெர்மாகோல் அட்டை, ஒரு கறுப்புத் துணி, ஒரு மணி நேரம் இருந்தால் இந்த வேலையையும் செய்யலாம். அதற்கான முறையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். பாடம் முழுவதும் மனத்தில் வைக்க வேண்டிய வரிசை ஒன்றே: முதலில் முகம், அடுத்து கை, அதன் பிறகு பொருள். ஒளியும் இந்த வரிசையிலேயே குறைந்துகொண்டு போக வேண்டும்.

எந்தப் பொருள்?

விளக்கை எடுப்பதற்கு முன் பொருளைத் தீர்மானிக்க வேண்டும். ஸ்டூடியோவில் கிடக்கும் பூச்சாடியையோ வாடகைக்கு வாங்கிய பழைய கிராமஃபோனையோ கையில் கொடுத்தால் அது அலங்காரம். அவர் தினமும் கைபட்டுப் பழகிய பொருளாக இருந்தால்தான் படம் பேசும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் லெப்பைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப் பாய் நெய்துவருகின்றன. கோரையை உலர்த்தி, தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கீறி, சாயம் ஏற்றி நெய்வார்கள். நயமான பாயைத் துணிபோல மடித்து எடுத்துப் போகலாம். கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரையும் நெய்து தருவதுண்டு. அப்படி நெய்த ஒரு மூதாட்டி நம் ஸ்டூடியோவுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். தறியைத் தூக்கி வர முடியாது. கோரை கீறும் கத்தி, ஒரு பிடி கோரை, ஒரு துண்டுப் பாய் ஆகியவற்றை எடுத்து வரச் சொல்லலாம். கத்தியை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். வெறும் கத்தியோடு ஒருவர் இருந்தால் பார்ப்பவர் மனத்தில் வேறு அர்த்தம் தோன்றும். அதே கத்தி கோரையின் மேல் பதிந்திருந்தால் தொழில் தெரியும். ஒரு பொருளுக்குத் துணைப் பொருளும் வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்றுக்கு மேல் பொருள்கள் வேண்டாம். அவர் கொண்டுவந்த எதுவும் நம்மிடம் அமானிதம். துடைக்கிறேன் என்று பழைய கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். பிடியில் கைபட்டுத் தேய்ந்த இடம்தான் அந்தப் படத்தில் நமக்கு வேண்டிய இடம்.

முன்னோடிகள் இருவர்

இந்த வழியில் நமக்கு முன் நடந்தவர்கள் உண்டு. அமெரிக்கப் படக்கலைஞர் இர்விங் பென் 1950, 1951 ஆண்டுகளில் பாரிஸ், லண்டன், நியூயார்க் ஆகிய மூன்று நகரங்களிலும் சிறு தொழில் செய்பவர்களை ஸ்டூடியோவுக்கு வரவழைத்துப் படம் எடுத்தார். தெருவில் காய் விற்பவர், இறைச்சிக் கடைக்காரர், கரி சுமப்பவர் என்று பலர் வேலை உடுப்போடும் கருவிகளோடும் வந்து நின்றார்கள். பாரிஸில் அவர் பின்னணியாகத் தொங்கவிட்டது ஒரு பழைய நாடகத் திரை. பயன்படுத்திய ஒளி, பக்கத்திலிருந்து வரும் இயற்கை வெளிச்சம். பெரிய மனிதர்களையும் நாகரிக உடை அணிந்த மாடல்களையும் எந்த மரியாதையோடு எடுத்தாரோ அதே மரியாதையோடு இவர்களையும் எடுத்தார். அந்தத் தொழில்களில் பல இன்று இல்லை, படங்கள் இருக்கின்றன.

இன்னொருவர் கனடாவின் ஒட்டாவா நகரில் ஸ்டூடியோ நடத்திய யூசுஃப் கார்ஷ். 1908-இல் மார்தீன் நகரில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதில் கனடாவில் படக்காரராக இருந்த தம் மாமாவிடம் போய்ச் சேர்ந்தவர். முகத்துக்கு ஒரு விளக்கு வைப்பதோடு நிற்காமல், கைகளுக்குத் தனியாக ஒளி அமைப்பது அவர் வழக்கம். 1941 டிசம்பர் 30-ஆம் நாள், ஒட்டாவா நாடாளுமன்றத்தில் பேசி முடித்து வந்த வின்ஸ்டன் சர்ச்சிலை அவர் படம் எடுத்தார். சர்ச்சில் என்றால் வாயில் சுருட்டு இருக்கும் என்பது உலகம் அறிந்தது. கார்ஷ் அருகில் போய் அந்தச் சுருட்டை எடுத்துவிட்டார். சர்ச்சில் முறைத்தார், அந்த முறைப்பே உலகப் புகழ்பெற்ற படமானது. நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. எல்லாரும் எதிர்பார்க்கும் பொருள் முகத்தை மறைக்குமானால் அதை எடுத்துவிட வேண்டும். ஆனால் சொல்லாமல் பிடுங்குவதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. நம் பெரியவர்களிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அறையைத் தயார் செய்தல்

பதினைந்து அடி நீளமுள்ள அறை இருந்தால் போதும். பின்னணிக்குச் சாம்பல் அல்லது மங்கிய பழுப்பு நிறத்தில் பளபளப்பு இல்லாத துணி. அமர்பவர் அந்தத் துணியிலிருந்து 5 அடியாவது முன்னால் இருக்க வேண்டும். ஒட்டி உட்கார வைத்தால் நிழல் துணியில் விழுந்து, முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் இருப்பதுபோல் தெரியும்.

அறையில் உள்ள டியூப்லைட்டையும் மஞ்சள் பல்பையும் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு சுமார் 3000 கெல்வின். இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் வரும். பிறகு கணினியில் சரிசெய்வது பெரும்பாடு. எடுக்கும் நேரத்தில் மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். கோரை ஆடும், துப்பட்டி பறக்கும். இடையிடையே போட்டுவிடுங்கள், வயதானவர்கள் புழுக்கத்தில் களைத்துப் போவார்கள்.

முதல் விளக்கு

ஃபிளாஷ் ஆனாலும் எல்.இ.டி. ஆனாலும் வெறும் விளக்காக வைக்கக் கூடாது. சாஃப்ட்பாக்ஸ் மாட்ட வேண்டும். குறைந்தது 3 அடிக்கு 2 அடி. 4 அடி இருந்தால் இன்னும் நல்லது. ஒளி வரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும். வயதான முகத்தின் சுருக்கங்களை அழிக்க வேண்டியதில்லை. வெட்டுக்கோடுபோல் காட்டவும் வேண்டியதில்லை. மென்மையான ஒளி இந்த நடுவழியைத் தரும்.

கேமராவிலிருந்து பார்த்தால் ஒரு பக்கமாக 45 பாகை, கண்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 45 பாகை என்ற நிலையில் விளக்கை வையுங்கள். பிறகு அவருடைய கண்களைப் பாருங்கள். கருவிழியின் மேல்பாதியில், கடிகாரத்தில் 10 மணி அல்லது 2 மணி இருக்கும் இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் விளக்கு அதிக உயரத்தில் இருக்கிறது, சற்று இறக்குங்கள். அந்தப் புள்ளி இல்லாத கண் படத்தில் உயிரற்றுத் தெரியும்.

கைக்கு ஒளி போய்ச் சேர்கிறதா?

பலர் கவனிக்காத இடம் இதுதான். விளக்கிலிருந்து விலக விலக ஒளி வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும்.

விளக்கு முகத்திலிருந்து 3 அடி, மடியில் உள்ள கையிலிருந்து 4½ அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் ஒன்றரை மடங்கு. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். ஆகவே முகத்துக்குக் கிடைப்பதில் இரண்டேகாலில் ஒரு பங்கு, அதாவது 44 சதவீதம்தான் கைக்குக் கிடைக்கும். முகம் தெளிவாக இருக்கும். கையும் கத்தியும் இருட்டில் போய்விடும். விளக்கை 6 அடிக்கு நகர்த்தினால் கை 7½ அடியில் இருக்கும். கைக்கு 64 சதவீதம் கிடைக்கும். ஆனால் தூரம் போனால் சாஃப்ட்பாக்ஸ் சிறிதாகிவிட்டதற்குச் சமம், நிழல் கடினமாகும்.

ஆகவே நடுவில் நிற்போம். விளக்கு முகத்திலிருந்து 4 அடியில் இருந்தால், 5½ அடியில் உள்ள கைக்குப் பாதிக்குச் சற்று மேலாகக் கிடைக்கும். மீதியைத் தெர்மாகோல் பார்த்துக்கொள்ளும். 3 அடிக்கு 2 அடி வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை விளக்குக்கு எதிர்ப்பக்கத்தில், இடுப்பு உயரத்தில், படத்தில் விழாதபடி சாய்த்து வையுங்கள். கையின் நிழற்பக்கம் எழும்பி வரும். அட்டையை முகத்துக்கு மிக அருகில் உயர்த்தினால் முகம் தட்டையாகிவிடும். முகத்தின் நிழல் அப்படியே இருக்கட்டும், அட்டை கைக்காகத்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம்

பாய்: நேராக ஒளி விழுந்தால் பாய் ஒரு வண்ணக் காகிதம்போல் தெரியும். ஒளி அதன் மேல் உரசிக்கொண்டு போக வேண்டும். மேலும், கோரை இழைகள் ஓடும் திசைக்குக் குறுக்காக ஒளி வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வோர் இழைக்கும் ஒரு சிறு நிழல் கிடைத்து நெசவு எழுந்து நிற்கும். விளக்கை நகர்த்தாமல் பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். ஓர் இடத்தில் நெசவு பளிச்சென்று தெரியும். அங்கே நிறுத்துங்கள். இரண்டாவது சிறிய எல்.இ.டி. இருந்தால் பாயின் பக்கவாட்டில் தாழ வைத்துக் குறைந்த சக்தியில் எரியவிடலாம். ஆனால் அந்த ஒளி முகத்துக்கு ஏறக் கூடாது. கீழிருந்து முகத்தில் படும் ஒளி பேய்ப்படம்போல் காட்டும். நடுவே ஒரு கறுப்புச் சார்ட்டைப் பிடித்தால் தடுக்கலாம்.

கத்தி, கத்தரிக்கோல் முதலிய உலோகம்: இவற்றின் மேல் நாம் காண்பது இவற்றுக்கு எதிரே இருப்பதன் பிம்பத்தைத்தான். எதிரே இருட்டு இருந்தால் கறுப்பாகவும், வெள்ளை அட்டை இருந்தால் வெள்ளையாகவும் தெரியும். அலகை நாலைந்து பாகை திருப்பினால் அதன் ஓரத்தில் ஒரு நீண்ட வெள்ளைக்கோடு ஓடும். அது போதும். கூர்முனை எப்போதும் கீழ்நோக்கி இருக்கட்டும்.

மூக்குக் கண்ணாடி: தினமும் அணிபவரிடம் கழற்றச் சொல்லாதீர்கள், வீட்டார் அறிந்த முகம் அதுதான். கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் விளக்கை இன்னும் உயர்த்துங்கள். அல்லது காதின் மேல் உள்ள கம்பியை அரை விரற்கடை தூக்கி வைத்தால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு விலகும்.

வெள்ளைத் துணி: வெள்ளைத் துப்பட்டி, வெள்ளைத் தொப்பி, வெள்ளை வேட்டி மூன்றும் படக்காரருக்குச் சோதனை. முகத்துக்கு அளவு வைத்தால் துணி வெளிறிப்போகும். துணிக்கு அளவு வைத்தால் முகம் கறுத்துப்போகும். அளவை முகத்துக்கே வையுங்கள். பிறகு சாஃப்ட்பாக்ஸைச் சற்றுத் திருப்பி, ஒளியின் நடுப்பகுதி அவருக்கு முன்னால் கடந்து போகவும், ஓர ஒளி மட்டும் அவர்மேல் விழவும் செய்யுங்கள். துணி இன்னும் வெளிறினால், விளக்குக்கும் துணிக்கும் நடுவே கறுப்புச் சார்ட்டைப் பிடியுங்கள். மாநிறத்தையோ கறுப்பு நிறத்தையோ வெளுப்பாக்கித் தருவது நம் வேலை ஆகாது. அகலமான ஒளி அந்த நிறத்தின் மேல் ஒரு மினுமினுப்பைத் தரும். அழகு அதில் இருக்கிறது.

கேமரா

ஃபிளாஷ் வைத்து எடுத்தால் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் எஃப் 8 என்று தொடங்குங்கள். கை முகத்தைவிட முன்னால் இருப்பதால் எஃப் 2.8 வைத்தால் கையும் கத்தியும் மங்கிவிடும். எல்.இ.டி. என்றால் ஒளி போதாது, ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 4, கேமராவை முக்காலியில் பொருத்துங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் விலை குறைந்த விளக்குகளின் துடிப்பு படத்தில் கோடாக விழாது. லென்ஸ் 85 மி.மீ.; சிறிய சென்சார் உள்ள கேமராவில் 50 மி.மீ. கைப்பேசியானால் அருகில் போகாதீர்கள். அருகில் போனால் நீட்டிய கை பெரிதாகி முகம் சிறுத்துவிடும். ஆறடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள்.

கேமராவின் உயரம் முக்கியம். பாய் நெய்பவர் தரையில் உட்கார்ந்து வேலை செய்தவர், தரையிலேயே உட்காரட்டும். நாம் நின்றுகொண்டு எடுத்தால் அவர் சிறுத்து, அண்ணாந்து யாசிப்பவர்போல் ஆகிவிடுவார். நாமும் தரையில் உட்கார்ந்து, கேமராவை அவர் கண்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். விளக்கையும் அதே அளவுக்கு இறக்க வேண்டும்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு உதவி வழங்கும் நிகழ்ச்சிகளின் படங்களைப் பாருங்கள். தையல் எந்திரம் நடுவில் இருக்கும். கொடுப்பவர் கேமராவைப் பார்ப்பார். வாங்குபவர் தலை குனிந்திருப்பார். அங்கேயும் கையில் பொருள் இருக்கிறது, ஆனால் அந்தப் பொருள் வாங்குபவரின் தேவையை மட்டுமே சொல்கிறது. அதே பெண் ஆறு மாதம் கழித்து அதே எந்திரத்தில் தைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் கண்மட்டத்தில், முகத்தில் நல்ல ஒளியோடு எடுத்தால் அந்தப் பொருள் அவருடைய திறமையைச் சொல்லும். பொருள் மாறவில்லை, ஒளியும் கேமராவின் உயரமும் மாறின.

அமர்பவரின் மனம்

படம் எடுத்துக்கொள்ள விரும்பாத பெரியவர்கள் நம்மிடையே உண்டு. ஒருமுறை கேளுங்கள்; வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சிலர் முகம் வேண்டாம், கையை எடுத்துக்கொள் என்பார்கள். கோரை கீறும் இரண்டு கைகள் மட்டும் உள்ள படமும் நிறைவான படம்தான். அப்போது முதல் விளக்கைக் கைக்கே கொடுங்கள். படம் யாருக்குப் போகும், எங்கே வெளியாகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு வெளிச்சம் கூசலாம். ஃபிளாஷ் அடிக்கும் முன் ஒருமுறை எரித்துக் காட்டுங்கள்.

விளக்குகளை எல்லாம் அவர் வருவதற்கு முன்பே, நண்பர் ஒருவரை உட்கார வைத்துச் சரிசெய்து முடித்துவிடுங்கள். அவர் வந்து அமர்ந்த பிறகு நம் கவனம் முழுவதும் அவர்மேல் இருக்க வேண்டும். “சிரிங்க” என்று சொல்லாதீர்கள். “உம்மா, இந்தக் கத்தி எத்தனை வருசமா உங்க கையில இருக்கு?” என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது கை தானாகவே கோரையைத் தேடிப் போகும். சொல்லி முடித்துவிட்டு ஒரு கணம் மௌனமாக இருப்பார்கள். அந்தக் கணத்தில் எடுங்கள்.

ஸ்டூடியோ இல்லாதவர்களுக்கு

வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தால் அதுவே பெரிய சாஃப்ட்பாக்ஸ். ஆனால் மேல்நாட்டுப் புத்தகங்களில் படித்துவிட்டு வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று நம்ப வேண்டாம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். தெற்கே போகப் போக அந்தக் காலம் இன்னும் நீளும். அந்த மாதங்களில் ஜன்னலில் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். அவரை ஜன்னலிலிருந்து 3 அடியில், பக்கவாட்டாக அமர்த்துங்கள். தெர்மாகோலும் கறுப்புச் சார்ட்டும் முன்போலவே.

பயிற்சி

அடுத்த இதழ் வருவதற்குள் மூன்று வேலைகள் செய்து பாருங்கள்.

1. ஒரு துண்டுப் பாயையோ கைத்தறித் துணியையோ ஒரே விளக்கின் முன் ஐந்து கோணங்களில் திருப்பி எடுத்து, எதில் நெசவு தெரிகிறது என்று குறித்து வையுங்கள்.

2. நண்பர் ஒருவரை அமர்த்தி, விளக்கை 3, 4, 6 அடிகளில் வைத்து மூன்று படம் எடுங்கள். முகத்தின் நிழலையும் கையின் வெளிச்சத்தையும் ஒப்பிடுங்கள்.

3. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கைத்தொழில் செய்த மூத்தவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய பொருளோடு ஒரு படம் எடுங்கள். அச்சுப் போட்டு அவர் கையில் கொடுங்கள். பின்பக்கத்தில் அவர் பெயர், ஊர், செய்த தொழில், படம் எடுத்த தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியில் உள்ள படம் கைப்பேசியோடு போய்விடும். அலமாரியில் வைத்த அச்சுப்படம் பேரன் கைக்குப் போய்ச் சேரும்.

மூன்றாவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். முதலிரண்டும் எப்போது வேண்டுமானாலும் பழகலாம்.